மேசை டிராயர் பாதி திறந்திருந்தால் என்ன அர்த்தம்? நாட்டுக்கு நாடு மாறும் லஞ்சக் கணக்கு

சரக்குப்பெட்டி:

பத்தொன்பது வருஷமாக ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் வேலை. பல நாட்டுத் துறைமுகங்களில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். எந்தத் துறைமுகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த நாட்டைத் திட்டுவதில் போய் முடியும்.

ஒரு சுங்க அலுவலகம். எங்கள் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கட்டைத் தட்டி நேராக அடுக்கினார். முத்திரையைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்துவிட்டார். அப்புறம் மேசை டிராயரை இரண்டு விரற்கடை அளவுக்கு இழுத்துவிட்டு, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். சுங்க வேலையை முடித்துக்கொடுக்கக் கூட வந்த கிளியரிங் ஏஜென்ட் ஓர் உறையை உள்ளே நழுவவிட்டார். டிராயர் மூடியது. முத்திரை விழுந்தது. மொத்தமும் ஒரு நிமிஷம்கூட இல்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். ஏஜென்டுக்குக் கோபமே வந்துவிட்டது. "இதை லஞ்சம் என்று சொல்லாதீர்கள் சார். உங்களுக்காக அவர் சட்டத்தை மீறினாரா? செய்யவேண்டிய வேலையைத்தானே செய்தார்? அவர் சம்பளம் எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். ஹோட்டலில் டிப்ஸ் வைக்கிறீர்களே, அது மட்டும் என்னவாம்?"

அதே மாதம் இன்னொன்று நடந்தது. வேறொரு நாட்டில் எங்கள் சரக்கை வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளருக்கு ஒரு பேனா அனுப்பியிருந்தோம். சாதாரணப் பேனாதான். அது கூரியரில் திரும்பி வந்தது, அவர்களுடைய நன்னடத்தை விதிகளின் மூன்று பக்க நகலோடு. கூரியர் செலவு பேனாவின் விலையைவிட அதிகம்.

ஏஜென்டும் சரி, அந்த மேலாளரும் சரி, தங்களை நேர்மையானவர்களாகத்தான் நினைக்கிறார்கள். தொழிலில் எது தப்பு என்பது உண்மையிலேயே நாட்டுக்கு நாடு மாறுகிறதா, இல்லை மாறுகிறது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோமா?

நேர்கோடு:

லஞ்சம் லஞ்சம்தான் நண்பரே. இதில் கலாசாரம் எங்கே வந்தது? வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்த நீங்களும் குற்றவாளி.

சரக்குப்பெட்டி:

உறையை வைத்தது ஏஜென்ட். ஆனால் பணம் எங்களுடையது. ஒத்துக்கொள்கிறேன்.

தணிக்கைத்தாள்:

நேர்கோடு சொல்வதுபோல அந்தக் கோடு நேராக இருந்திருந்தால் எனக்குத் தொழிலே இருந்திருக்காது. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தென்கொரியாவில் 2016 செப்டம்பரில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதை முன்மொழிந்த முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதியின் பெயரால் கிம் யங்-ரான் சட்டம் என்றே மக்கள் அதைச் சொல்கிறார்கள். அரசு ஊழியர்களோடு ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் அதற்குள் வருவார்கள். அலுவல் தொடர்பில் ஒருவர் வாங்கிக்கொடுக்கும் சாப்பாடு 30,000 வோன், பரிசுப்பொருள் 50,000 வோன், கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் கொடுக்கும் பணம் 100,000 வோன் என்று தொடக்கத்தில் உச்சவரம்பு வைத்தார்கள். அந்தச் சட்டத்தின் ஆரம்ப நாட்களில் ஒரு பெண்மணி, தன் புகாரை விசாரித்த காவலருக்கு 45,000 வோன் மதிப்புள்ள அரிசிப் பலகாரப் பெட்டி ஒன்றை நன்றிக்காக அனுப்பிவைத்தார். காவலர் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு மேலிடத்துக்கும் தகவல் சொல்லிவிட்டார். நீதிமன்றம் அந்தப் பெண்மணிக்கு 90,000 வோன் அபராதம் போட்டது. விசாரணை நடக்கும்போது விசாரிப்பவருக்கு எதுவுமே தரக்கூடாது, உச்சவரம்புக்குள் இருந்தாலும் சரி.

இப்போது அமெரிக்கா. இண்டியானா மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற சிறு நகரம். நகராட்சி ஒரு நிறுவனத்திடம் சுமார் 11 லட்சம் டாலருக்குக் குப்பை லாரிகள் வாங்கியது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் மேயருக்கு 13,000 டாலர் கொடுத்தது. ஆலோசனைக் கட்டணம் என்றார் மேயர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூனில் 6-க்கு 3 என்று தீர்ப்பு: அவர்மீது வழக்குப் போடப்பட்ட மத்தியச் சட்டம், காரியத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொண்டு வாங்கும் லஞ்சத்துக்குத்தான் பொருந்தும், காரியம் முடிந்த பிறகு நன்றியாகக் கொடுப்பதற்குப் பொருந்தாது. அதையெல்லாம் மாநிலங்களும் நகராட்சிகளும் தங்கள் விதிகளில் பார்த்துக்கொள்ளட்டும் என்றது நீதிமன்றம்.

பலகாரமும் நன்றிதான், 13,000 டாலரும் நன்றிதான். இந்த இரண்டு நாடுகளில் எது கறாரான நாடு என்று கேட்டால், பத்துப் பேரில் எட்டுப் பேர் தப்பாகச் சொல்வார்கள்.

நேர்கோடு:

மேயர் விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுத் தலை சுற்றுகிறது. ஆனாலும் இரண்டு இடத்திலும் வழக்கு வந்திருக்கிறதே. யாருக்கோ அது தப்பாகத்தானே பட்டிருக்கிறது?

சொல்வேட்டை:

அதைத்தான் சொல்ல வந்தேன், வேறு வழியாக.

நம் 'மாமூல்' அரபியில் கிளம்பி உருது வழியாக வந்து சேர்ந்த சொல். வேர்ப்பொருள் 'வழக்கமானது', அவ்வளவுதான். 'மாமூல் வாழ்க்கை' என்று இன்றும் எழுதுகிறோம். அதே சொல்தான் உறைக்குள்ளும் போகிறது. பிரெஞ்சுக்காரர்கள் லஞ்சத்தை 'ஒயின் குடுவை' என்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கு அது 'மசகுப் பணம்'. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசுகிறவர்கள் 'கிட்டு கிடோகோ' என்பார்கள், 'சின்னதாக ஏதாவது' என்று அர்த்தம். மெக்சிகோக்காரர்கள் 'மோர்டிடா', அதாவது 'கடி' என்கிறார்கள். நான் பார்த்தவரை அவர்கள்தான் கொடுப்பவன் பக்கம் நின்று பெயர் வைத்தவர்கள். மற்ற எல்லோரும் வாங்குபவனின் கூச்சத்துக்குப் போர்வை போர்த்தியிருக்கிறார்கள். நாம் மட்டும் என்ன, 'கொஞ்சம் கவனிச்சுக்குங்க' என்பதில் லஞ்சம் என்ற சொல்லே இல்லை.

ஒரு காரியத்துக்கு இத்தனை மொழிகளிலும் முகமூடி தேவைப்படுகிறது என்றால், 'எங்கள் ஊரில் இது சகஜம்' என்பதை நான் முழுசாக நம்பமாட்டேன். காய்கறி வாங்குவதற்கு யாரும் சங்கேதச் சொல் வைத்துக்கொள்வதில்லை.

சரக்குப்பெட்டி சார், உங்கள் கதையில் எனக்குப் பெரிதாகப் பட்டது உறை இல்லை. அந்த அதிகாரி ஏன் காலண்டரைப் பார்த்தார்?

சரக்குப்பெட்டி:

இதை நான் யோசிக்கவே இல்லை.

கடல்தாண்டி:

டிராயர் விஷயத்தில் சொல்வேட்டையோடு ஒத்துப்போகிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். சீனாவில் ஆறு வருஷம் கொள்முதல் வேலை பார்த்தவள் நான்.

அங்கே 'குவான்ஷி' என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை லஞ்சத்தின் செல்லப்பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் அது மெதுவாகக் கட்டும் வீடு மாதிரி. நீங்கள் இன்று எனக்கு ஓர் உதவி செய்கிறீர்கள். நான் உடனே அதைத் திருப்பிச் செய்தால் அவமரியாதை, கணக்கை முடிக்கப் பார்க்கிறேன் என்று அர்த்தம். வருஷக்கணக்கில் கடன் நிலுவையிலேயே இருக்கவேண்டும். உறவு அந்த நிலுவையில்தான் நிற்கிறது. என் முதல் சப்ளையர் விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன்னால் மூன்று முறை என்னைச் சும்மா சந்தித்தார். என் அம்மாவின் மூட்டுவலி பற்றிக் கேட்டார். நாலாவது சந்திப்பில் அரை மணி நேரத்தில் விலை முடிந்தது. பிற்பாடு ஒருமுறை எங்கள் பக்கத் தவறால் ஆர்டர் குளறுபடி ஆனபோது, ஒப்பந்தத்தைக் கையில் எடுக்காமல் இரவோடு இரவாகச் சரக்கை மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான். இதில் எங்கே ஊழல்?

ஆனால் அதே வழியில்தான் மற்றதும் நடந்து போகிறது, அதையும் மறைக்கக்கூடாது. விழாக்காலத்தில் பரிசாகக் கொடுக்கும் மூன்கேக் பலகாரப் பெட்டிக்குள் வேறு சில பொருட்களும் வரும். 2012 டிசம்பரில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி அதிகாரிகளின் ஆடம்பரத்துக்குக் கடிவாளமாக எட்டு அம்ச விதிகளைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே அரசுப் பணத்தில் மூன்கேக் வாங்கிக் கொடுப்பதைத் தடை செய்தபோது ஆடம்பரப் பரிசு வியாபாரம் படுத்துவிட்டது. நட்புக்காக வாங்கிக்கொண்டிருந்தால் ஏன் படுக்கவேண்டும்? அங்கே மக்களுக்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெளியாட்களுக்குத்தான் தெரிவதில்லை.

தணிக்கைத்தாள்:

நல்ல விளக்கம் தோழி. ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபான்ஸ் ட்ரோம்பெனார்ஸ் என்ற டச்சு நிர்வாகவியலாளர் பல நாட்டு மேலாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நண்பன் ஓட்டும் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேகமாகப் போய் ஒருவரை இடித்துவிடுகிறான். சாட்சி நீங்கள் மட்டும்தான். வேக வரம்புக்குள்தான் போனான் என்று நீங்கள் சொன்னால் தப்பிப்பான். சொல்வீர்களா? ஸ்விட்சர்லாந்து, கனடா பக்கம் பெரும்பாலோர் முடியாது என்றார்கள். வெனிசுவேலா, தென்கொரியா பக்கம் நண்பனைக் கைவிடமாட்டோம் என்றவர்கள் நிறைய. இந்தப் பக்கத்துக்காரர் 'நண்பனுக்காகப் பொய் சொல்கிறவனை எப்படி நம்புவது' என்கிறார். அந்தப் பக்கத்துக்காரர் 'நண்பனுக்கே உதவாதவனை எப்படி நம்புவது' என்கிறார். இரண்டு பேரும் கேட்பது நம்பிக்கையைப் பற்றித்தான்.

வெயில்மழை:

எல்லாம் சரி, ஆனால் மேற்கத்திய நாடுகள் பாடம் நடத்துவதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. 1999 வரை ஜெர்மனியில் வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரிக்கழிவு வாங்கலாம். கணக்கில் அதற்குப் பெயர் 'பயனுள்ள செலவினங்கள்'! (சொல்வேட்டை, உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.) உள்ளூர் அதிகாரிக்குக் கொடுத்தால் ஜெயில், வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்தால் வரிச்சலுகை. அந்தப் பழக்கம் விட்டுப்போகாமல்தான் 2008-இல் ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸ் லஞ்ச வழக்குகளுக்காக அமெரிக்காவிலும் ஜெர்மனியிலுமாகச் சேர்த்து சுமார் 160 கோடி டாலர் கட்டியது.

அமெரிக்கா 1977-இல் வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டம் போட்டதும் ஞானோதயத்தால் இல்லை. 400-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள் 30 கோடி டாலருக்கு மேல் சந்தேகத்துக்குரிய பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்ட பிறகுதான். லாக்ஹீட் விமான நிறுவனத்தின் பணம் ஜப்பானில் முன்னாள் பிரதமர் தனாகா வரை போயிருந்தது. பிறகு 2025 பிப்ரவரியில் அதே அமெரிக்காவின் அதிபர், இந்தச் சட்டம் நம் கம்பெனிகளின் கையைக் கட்டிப்போடுகிறது என்று அதன் அமலாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து ஆணை போட்டார். நாம் அப்படிச் சொன்னால் மட்டும் கலாசாரக் குறைபாடாம்.

நேர்கோடு:

தனாகா என்று சொன்னதால் ஒன்று. 1983-இல் நீதிமன்றம் அவருக்கு நாலு வருஷம் சிறை விதித்தது. இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் சொந்தத் தொகுதி மக்கள் அவரைப் பிரமாதமாக ஜெயிக்கவைத்தார்கள். ரயிலும் சாலையும் கொண்டுவந்தவர் என்ற நன்றி. உங்கள் மேயரின் நன்றியைவிட இது என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

கணக்கன்:

நீண்ட நாள் வாசகன், முதல் பதிவு. பலரும் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வு உண்டு. நியூயார்க்கில் ஐ.நா. தூதர்கள் தப்பான இடத்தில் காரை நிறுத்தினால் அபராதச் சீட்டு ஒட்டுவார்கள், ஆனால் தூதரகப் பாதுகாப்பு இருப்பதால் கட்டவேண்டியதில்லை. 1997 முதல் 2002 வரை சுமார் 1,50,000 சீட்டுகள் கட்டப்படாமல் கிடந்தன. ஃபிஸ்மன், மிகுவெல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை நாடுவாரியாகப் பிரித்தார்கள். குவைத் முதலிடம். நார்வே, ஸ்வீடன், ஜப்பான் தூதர்கள் பேரில் கட்டாத சீட்டு ஒன்றுகூட இல்லை. தண்டனையே இல்லாத இடத்தில் மனுஷன் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் வெளியே தெரிகிறது என்பது அவர்கள் வாதம்.

எனக்கு அதன் பின்பாதிதான் பிடிக்கும். 2002 கடைசியில் நகர நிர்வாகம், சீட்டு சேர்ந்தால் கார் எண் தகட்டைப் பிடுங்குவோம் என்றது. விதிமீறல் சுமார் 98 சதவீதம் குறைந்துபோனது. கலாசாரம் அவ்வளவு ஆழமானது என்றால் ஒரு எண் தகட்டுக்குப் பயந்து எங்கே போனது?

பழஞ்சுவடி:

கணக்கன் கேட்டதற்கு ஹாங்காங் பதில் சொல்லும். 1970-களின் தொடக்கத்தில் அங்கே தீயணைப்பு வீரர்கள் பணம் கொடுத்தால்தான் தண்ணீர்க் குழாயைத் திறப்பார்கள் என்ற நிலை. ஆஸ்பத்திரியில் ஒரு டம்ளர் தண்ணீருக்கும் ஆயாவைக் 'கவனிக்க'வேண்டும். போலீஸில் புதிதாகச் சேருபவர்களிடம் பேருந்துக் கதை ஒன்று சொல்வார்கள் (பேருந்து என்றால் லஞ்சம்): பேருந்தில் ஏறிக்கொள், இல்லாவிட்டால் பக்கத்தில் ஓடி வா, முன்னால் மட்டும் நிற்காதே. ஊழல் விசாரணையில் சிக்கிய காட்பர் என்ற பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி 1973-இல் நாட்டைவிட்டு ஓடியதும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். 1974-இல் போலீஸுக்குக் கட்டுப்படாத தனி ஊழல் தடுப்பு ஆணையம் வந்தது. 1977-இல் போலீஸ்காரர்கள் அந்த ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து அடித்தார்கள். ஆளுநர் பழைய குற்றங்களில் பெரும்பகுதிக்கு மன்னிப்பு அறிவித்துத்தான் நிலைமையை அடக்கவேண்டியிருந்தது. அப்படி ஒரு சமரசத்தோடுதான் அந்த ஆணையம் தப்பித்தது, அப்புறம் ஊரையும் மாற்றியது. அதே மக்கள், அதே மொழி, அதே விருந்தோம்பல்.

இன்னும் பின்னால் போவோம். 1663 ஏப்ரல், லண்டன். கடற்படை அலுவலகத்தில் சாமுவேல் பெப்பிஸ் என்ற அதிகாரி. கப்பல் வாடகைக்குப் பிடித்த விவகாரத்தில் ஒரு கேப்டன் அவரிடம் ஒரு கடிதத்தைத் தருகிறார். உள்ளே பணம் இருப்பது தொட்டாலே தெரிகிறது. அலுவலகத்துக்கு வரும்வரை அவர் பிரிக்கவில்லை. பிரித்ததும், உள்ளே பார்க்காமல் காசையெல்லாம் கொட்டிவிட்டு, காகிதம் காலியான பிறகுதான் பார்க்கிறார். நாளைக்கு யாராவது கேட்டால் 'அந்தக் கடிதத்தில் நான் பணத்தைப் பார்க்கவில்லை' என்று சொல்லலாம் அல்லவா! இதைத் தன் நாட்குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு இங்கிலாந்தில் பதவிக்கு இப்படிப் பணம் வருவது சகஜம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். சகஜம்தான். ஆனாலும் அவரும் காலண்டரைப் பார்த்திருக்கிறார்.

ஒரு நூற்றாண்டு கழித்து, வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விசாரணை. வங்காளத்தில் பரிசுப் பணம் வாங்கியது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆசியாவில் நடப்பதை ஐரோப்பிய அளவுகோலால் அளக்கக்கூடாது என்பது அவர் பக்கத்து வாதம். குற்றம்சாட்டிய தரப்பில் பேசிய எட்மண்ட் பர்க் என்ற எம்.பி. 1788-இல் இதற்கு 'பூகோள ஒழுக்கம்' என்று பட்டப்பெயர் வைத்துக் கிழித்தெடுத்தார், பூமத்திய ரேகையைத் தாண்டியதும் நல்லொழுக்கமெல்லாம் செத்துவிடுமா என்று. ஏழு வருஷம் இழுத்து 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார், அது வேறு கதை. 'அந்த ஊரில் அப்படித்தான்' என்ற வாதத்தைப் பெரும்பாலும் யார் வைக்கிறார்கள் என்று பாருங்கள். வாங்கியவர், இல்லாவிட்டால் கொடுத்துக் காரியம் முடித்தவர். கொடுக்க வழியில்லாமல் வரிசையில் நின்றவர் வைத்து நான் கேட்டதில்லை.

கடல்தாண்டி:

கடைசி வரிக்கு ஒரு சலாம்.

தணிக்கைத்தாள்:

சரக்குப்பெட்டி அண்ணா, தொழில்ரீதியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். செய்யவேண்டிய வேலையை வேகப்படுத்தக் கொடுக்கும் சில்லறைப் பணத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. பிரிட்டனின் 2010 சட்டத்தில் கிடையாது. ஏஜென்ட் கொடுத்தாலும் கம்பெனிதான் மாட்டும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) 2014-இல் 427 வெளிநாட்டு லஞ்ச வழக்குகளை ஆராய்ந்தபோது நாலில் மூன்றில் இடைத்தரகர் இருந்தார். உங்கள் கணக்கில் அந்த உறை எந்தத் தலைப்பில் ஏறியது?

சரக்குப்பெட்டி:

'இதர செலவுகள்.'

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். போன வாரம் திரும்பவும் அதே அலுவலகம் போக வேண்டியிருந்தது. உறை வேண்டாம் என்று ஏஜென்டிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதே அதிகாரி, அதே மேசை. தாளைப் புரட்டினார், டிராயர் இரண்டு விரற்கடை வெளியே வந்தது. "கட்டணம் ஏதாவது பாக்கி இருந்தால் சொல்லுங்கள் ஐயா, ரசீதோடு கட்டிவிடுகிறேன்" என்றேன். முதல்முறையாகக் காலண்டரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, களைப்பாக இருந்தது அந்த முகம். டிராயரை மூடிவிட்டு, மேலதிகாரி லீவு, நாளைக்கு வாருங்கள் என்றார். நாளை நாலு நாளானது. ஐந்தாம் நாள் முத்திரை விழுந்தது. கண்டெய்னர் தாமதமானதற்கான டெமரேஜ் கட்டணப் பில்லைப் பார்த்து எங்கள் மேலாளர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உறையைப்போல பல மடங்கு.

இன்று காலை ஏஜென்ட் பில் வந்தது. அதிலும் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி. போன் போட்டு, நாம்தான் எதுவும் கொடுக்கவில்லையே என்றேன். "இந்த கண்டெய்னருக்கு இல்லை சார். நீங்கள் போன பிறகு நான் போய் அவரைப் பார்த்தேன். அடுத்த மாதமும் நாம் அந்த வாசலுக்குத்தானே போகவேண்டும்" என்றார்.

பில் மேசைமேல்தான் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.